மெழுகு, கட்டம், கவசம்: சோழமண்டலக் கலைஞர்களின் ஊற்றுகள்

1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழுந்தபோது, அந்தப் பணத்தில் பெரும்பங்கு, மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் பாத்திக் துணி விற்று வந்தது. ஓவியம் வரைய விரும்பிய இளைஞர்கள் மெழுகுச் சட்டியின் முன் உட்கார்ந்து சம்பாதித்த காசு. இதை ஒரு சுவையான தகவலாக மட்டும் சொல்லிவிட்டு, அவர்களுடைய கலைக்கு எது தூண்டுதல் என்ற கேள்விக்குத் தனியாகப் போவது வழக்கம். கோயில், ஜாதகம், நாட்டார் தெய்வம், பழங்குடி வடிவம் என்று ஒரு பட்டியல் வரும். பட்டியல் சரிதான். ஆனால் ஜாதகத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் அதிலிருந்து ஓவியம் படைக்கவில்லை. மூலவரின் கவசத்தைக் கும்பிட்டவர்கள் எல்லாரும் தகட்டை அடிக்கக் கிளம்பவில்லை. பார்த்தது படைப்பாக மாறியது கையும் பொருளும் சந்தித்த இடத்தில். மெழுகும் துணியும், தகடும் நெருப்பும் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தால்தான் இந்தக் கலைஞர்கள் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பது புலப்படும்.

பின்புலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னை ஓவியப் பள்ளியை 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கினார். தொடக்கம் முதலே அது தொழிற்கலைக்கும் இடம் கொடுத்த பள்ளி. மண்பாண்டம், மரவேலை, உலோகவேலை எல்லாம் ஒரே வளாகத்துக்குள் நடந்தன. 1929இல் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமைக்கு வந்தபின் ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன, பட்டறைகளும் தொடர்ந்தன. ஓவிய மாணவர் பக்கத்துக் கொட்டகைக்கு நடந்துபோய் ஒரு தகட்டுவேலைக்காரர் தகட்டை எப்படிக் காய்ச்சுகிறார் என்று பார்க்க முடிந்தது. இந்த நடைதூரம் பின்னால் நடந்த பலவற்றுக்குக் காரணம்.

1957இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் பள்ளியின் தலைமையேற்றார். அவருக்கு இருந்த பெரிய கவலை, படிப்பை முடித்து வெளியே போகும் மாணவர்கள் என்ன ஆவார்கள் என்பது. சென்னையில் அப்போது ஓவியம் வாங்குவோர் மிகச் சிலர். விளம்பர நிறுவனம், பள்ளி ஆசிரியர் வேலை, நெசவாளர் சேவை மையம் என்று ஆளுக்கொரு பக்கம் போய், தூரிகையை மெல்லக் கீழே வைத்துவிடுவார்கள். நாளின் ஒரு பகுதியைக் கைவினைக்கும் மீதியைத் தன் கலைக்கும் கொடுத்தால் யாரிடமும் கையேந்தாமல் வாழலாம் என்ற கணக்கில் கலைஞர்களின் கைவினைச் சங்கம் ஒன்று அமைந்தது. அதன் முதல் சரக்கு பாத்திக்.

மெழுகு

பாத்திக்கின் அடிப்படை எளிது. சாயம் ஏறக் கூடாத இடத்தில் உருக்கிய மெழுகைப் பூசி, துணியைச் சாயத்தில் நனைத்து, பிறகு மெழுகை நீக்குவது. எளிது என்று சொல்வது கேட்பதற்குத்தான். ஒவ்வொரு படியிலும் கெட்டுப்போக வழி இருக்கிறது.

முதலில் துணி. கடையில் வாங்கும் பருத்தியில் கஞ்சியும் ஆலைப் பூச்சும் இருக்கும். லிட்டருக்கு 2 முதல் 5 கிராம் சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு அரைமணி நேரம் கொதிக்கவிட்டு அலச வேண்டும். இதைச் சோம்பி விட்டுவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பட்டுக்குச் சோடாக் கொதி ஆகாது. வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும்.

அடுத்தது மெழுகுக் கலவை. பாரபினும் தேன்மெழுகும் குணத்தில் எதிரெதிர். பாரபின் உறைந்ததும் நொறுங்கும், தேன்மெழுகு வளையும். 3 பங்கு பாரபினுக்கு 1 பங்கு தேன்மெழுகு என்றால் கசக்கும்போது நிறைய வெடிப்பு விழும். அந்த வெடிப்புக்குள் சாயம் புகுந்து, பாத்திக்கின் அடையாளமான நரம்பு வலை தெரியும். பாதிக்குப் பாதி என்றால் கோடு காப்பாற்றப்படும், வெடிப்பு குறையும். முகம், விரல், கண் வரும் இடத்துக்குத் தேன்மெழுகு கூடுதலான சட்டி, பரந்த பின்னணிக்குப் பாரபின் கூடுதலான சட்டி என்று இரண்டு அடுப்பு வைத்துக்கொள்வதே நல்லது. மெழுகு துணியை விட்டுப் பெயராமல் இருக்கச் சிலர் சிறிது குங்கிலியமும் சேர்ப்பார்கள்.

சூட்டைக் கண்ணால் பிடிக்கலாம். தொட்டுப் பூசிய மெழுகு துணிக்குள் ஊறி, பின்பக்கம் எண்ணெய்க் காகிதம்போல ஒளி ஊடுருவத் தெரிந்தால் சரி. மேலேயே வெள்ளையாக உறைந்து நின்றால் சூடு போதவில்லை. அந்த மெழுகு சாயத் தொட்டியில் செதிளாகப் பெயர்ந்துவிடும். கோடு தானே பரவி அகலமானால் சூடு அதிகம். புகை வந்தால் உடனே இறக்க வேண்டும். சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துச் சட்டியைத் தட்டால் மூடுவதுதான் வழி. கடற்கரைக் கொட்டகையில் இன்னொரு தொல்லை, காற்று. மூக்குள்ள மெழுகுப் பேனாவைச் சட்டியிலிருந்து துணிக்குக் கொண்டுபோவதற்குள் நுனி உறைந்துவிடும். காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சட்டியைத் துணியிலிருந்து ஒரு முழத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

சாயம் குளிர்ந்த நீரில் பிடிக்கும் வகையாக இருக்க வேண்டும். தொட்டி 40 பாகை செல்சியஸைத் தாண்டினால் மெழுகு இளகும். குளிர்நீர் ரியாக்டிவ் சாயம் என்றால் லிட்டருக்கு 50 கிராம் உப்பு, 10 கிராம் சோடா சாம்பல் என்ற அளவில் தொடங்கலாம். நிறம் எப்போதும் வெளிறியதிலிருந்து அடர்ந்ததுக்கு. வெள்ளையாக நிற்க வேண்டியதை முதலில் மெழுகால் மூடி மஞ்சளில் நனைப்பது. மஞ்சளாக நிற்க வேண்டியதை மூடிச் சிவப்பில் நனைப்பது. அது செம்மஞ்சளாக வரும். அதையும் வேண்டிய இடத்தில் மூடிக் கடைசியாகக் கரும்பழுப்பு. மஞ்சளின் மேல் நீலம் போனால் பச்சைதான் வரும். தூய நீலம் வேண்டுமென்றால் அந்த இடத்தை மஞ்சளுக்கு முன்பே மூடியிருக்க வேண்டும். இதை மறந்து பாதித் துணியில் நின்று விழிப்பது புதியவர்கள் எல்லாருக்கும் நேர்வது.

சித்திரை, வைகாசியில் வெடிப்பே விழாது. 35 பாகைக்கு மேலான வெயிலில் மெழுகு மெத்தென்று இருக்கும். கசக்கினால் மடியுமே தவிர உடையாது. பனிக்கட்டி போட்ட நீரில் சில நிமிடம் முக்கி எடுத்து, உடனே கசக்கினால் கூர்மையான வெடிப்பு கிடைக்கும். கடைசியில் கொதிநீரில் மெழுகைக் கழற்றி, மேலே மிதப்பதை வழித்து எடுத்து மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் பலமுறை காய்ந்த மெழுகில் சாயமும் அழுக்கும் ஏறி இருக்கும்; அது அடர்நிறப் பின்னணிக்கு மட்டும்தான் ஆகும்.

இந்த வேலை ஓவியரின் கைக்கு என்ன செய்யும் என்பதே நமக்குக் கேள்வி. தூரிகையால் வரைகிறவர் வேண்டியதை வரைவார். பாத்திக்காரர் காப்பாற்ற வேண்டியதை வரைவார். வெள்ளைக் கோடு தூரிகை போட்ட கோடாக இல்லாமல், மற்றதெல்லாம் இருண்டபின் மிஞ்சிய துணியாக நிற்கும். சொட்டு விழுந்தால் அழிக்க முடியாது. அதையும் வடிவத்துக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிழல் தடவி உருண்டையாகக் காட்டுவதற்கு இங்கே வழியில்லை. கோடு, தட்டையான நிறம், இடைவெளி இவை மூன்றை வைத்துத்தான் எல்லாம். சென்னைக் கலைஞர்களின் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் முதலில் குறிப்பிடுவது அவற்றின் கோட்டையும் தட்டைத்தன்மையையும்தான். சுவரோவியமும் கோயில் சிற்பமும் அதற்கு ஒரு காரணம். வயிற்றுப்பாட்டுக்காக மணிக்கணக்கில் மெழுகுக் கோடு இழுத்த பழக்கமும் ஒரு காரணம் என்றே கருதுகிறோம்.

கட்டம்

பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை 1963இல் தொடங்கியது. வணிகவியல் படித்த ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கத்தில் எண்களும் ரோமன் எழுத்துகளும் கோடுகளும் கிடந்த விதம் அவரை நிறுத்தியது. அங்கிருந்து அவர் ஜாதகத்துக்கு வந்தார். நோட்டில் அவரை இழுத்தது கணக்கு அல்ல. எழுத்தும் கோடும் எந்த அழகு நோக்கமும் இல்லாமல் ஒரு தாளில் பரவும்போது கிடைக்கும் உயிர். அதே உயிர் வீட்டுப் பரணில் மஞ்சள் தடவி மடித்து வைத்த ஜாதகத் தாளிலும் இருந்தது.

தென்னிந்திய ராசிக் கட்டத்தை ஒரு நிமிடம் படமாக மட்டும் பார்க்கலாம். நான்குக்கு நான்கு என 16 சதுரம். நடுவிலுள்ள நான்கும் ஒன்றாகி வெற்றிடமாக நிற்க, சுற்றி 12 வீடு. இடது மேல் மூலை மீனம். அங்கிருந்து வலப்பக்கமாக மேஷம், ரிஷபம், மிதுனம் என்று சுற்றிவரும். ராசியின் இடம் மாறாது. கிரகங்களின் இடம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு வீட்டில் சூ, பு, சுக், கே என்று நான்கு பேர் நெருக்கியடித்து நிற்பார்கள், எழுத்து சிறுத்து, சாய்ந்து, கோட்டைத் தொட்டுக்கொண்டு. பக்கத்து வீடு காலி. அதற்கு அடுத்ததும் காலி. எதிர் மூலையில் தனியாக ஒரு ரா. வரைந்தவர் அழகுக்காக அடுக்கவில்லை. பிறந்த நேரம் அப்படி அடுக்கியது. கண்ணுக்கு அதில் கிடைப்பது ஒழுங்கான சட்டத்துக்குள் ஒழுங்கற்ற அடர்த்தி.

பணிக்கர் எடுத்தது இந்த அடர்த்தியை. அவருடைய படங்களில் மலையாள எழுத்தைப்போன்ற வரிகள் ஓடும். படிக்கப் போனால் சொல் கிடைக்காது. கட்டங்கள் வரும், ஜாதகம் பார்க்க முடியாது. மீனும் விலங்கும் மனித உருவும் குறிகளாக நடுநடுவே நிற்கும். படிக்க முடியாமல் செய்ததுதான் இதில் முக்கியமான முடிவு. தாய்மொழி எழுத்து கண்ணில் பட்டதும் மூளை படிக்கத் தொடங்கிவிடும்; படித்து முடித்ததும் பார்ப்பதை நிறுத்திவிடும். எழுத்தின் சாயல் மட்டும் இருந்து சொல் இல்லாவிட்டால் கண் வரியின் மேலேயே உலாவிக்கொண்டிருக்கும்.

பின்வந்தவர்கள் பலர் இந்த வழியில் போய்ச் சறுக்கியதும் இங்கேதான். திருக்குறளையோ பாசுரத்தையோ பின்னணியில் தெளிவாக எழுதிவிடுவார்கள். படம் அறிவிப்புப் பலகையாகிவிடும். அல்லது குறிகளைச் சம இடைவெளியில் பரப்புவார்கள். அது சேலை அச்சாகிவிடும். இரண்டையும் சோதிக்க எளிய வழி உண்டு. படத்தைத் தலைகீழாக வைத்துப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால், அடர்ந்த இடமும் காலியான இடமும் ஒன்றையொன்று இழுக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அங்கே கட்டம் வந்திருக்கிறது, ஜாதகம் வரவில்லை.

ஓவியர் கே. ராமானுஜத்தை இந்த வரிசையில் எங்கும் பொருத்த முடியாது. 1941இல் பிறந்து 1973இல் மறைந்த அவருடைய பேனா மைச் சித்திரங்களில் கோபுரமும் மாளிகையும் பறக்கும் நாகங்களும் அடுக்கடுக்காக எழும் கனவு நகரங்கள். அவற்றுக்கு நடுவே தொப்பி போட்ட ஒரு மனிதன், அவரேதான். மனநோயோடும் தனிமையோடும் போராடிய அவருக்குச் சோழமண்டலம் அடைக்கலமாக இருந்தது. ஊற்று எது என்று கேட்டால் அவர் விஷயத்தில் வெளியே காட்ட எதுவும் இல்லை. அந்தச் சித்திரங்களின் முன் சற்று நேரம் நிற்பதைத் தவிர விளக்கம் சொல்லத் தோன்றவில்லை.

கவசம்

பி.வி. ஜானகிராமின் (1930–1995) சிற்பங்கள் செம்பு, பித்தளைத் தகட்டில் ஆனவை. முன்னிருந்து பார்க்கத்தான் அவை செய்யப்பட்டன. தகட்டைப் புடைத்து, அதன்மேல் கம்பியைப் பற்றவைத்து, முடியும் அணிகலனும் கண்ணிமையும் வரைவார். ஊற்று, கோயிலில் மூலவர் மேல் சாத்தும் உலோகக் கவசம்.

கவசத்தை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பாதி உடல். முகம், மார்பு, கை, பாதம் என்று தனித்தனித் துண்டுகளாகவும் இருக்கும். கல்லுருவத்தின் முன்புறத்துக்கு அளவெடுத்து, செம்பு அல்லது வெள்ளித் தகட்டைப் பின்னாலிருந்து அடித்துப் புடைத்து, பொன்முலாம் பூசுவதும் உண்டு. கருவறையில் பக்தர் நிற்கும் இடம் ஒன்றே; எனவே பின்புறம் தேவையில்லை. திருப்பிப் பிடித்தால் உள்ளே வெறும் குழிவும் சுத்தியல் தடமும்தான். சிற்பம் என்றால் நான்கு பக்கமும் சுற்றிவந்து பார்க்க வேண்டும் என்பது கலைக்கல்லூரி சொல்லிக்கொடுத்த பாடம். ஜானகிராம் அந்தப் பாடத்துக்கு எதிரே தினமும் கும்பிடும் ஒன்றை வைத்தார். முன்புறம் மட்டும் உள்ள சிற்பத்துக்கும் முழு இருப்பு உண்டு என்பதற்குக் கருவறையைவிட வேறு சாட்சி வேண்டாம்.

தகட்டுவேலையின் படிகள் இவை. கேஜ் என்பது தகட்டின் தடிமன் அளவு; எண் கூடினால் தகடு மெலியும். 20 கேஜ், ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் செம்புத் தகடு கைக்கு ஏற்றது. 22 கேஜ் எளிதில் புடைக்கும், ஆனால் ஆழமாக அடித்தால் கிழியும். 18 கேஜ் பெரிய உருவத்தைத் தாங்கும், ஆனால் தோள் நோகும். தகட்டை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி நீரில் போட்டால் மெத்தென்று ஆகும். நிழலில் காய்ச்ச வேண்டும். வெயிலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் சூடு ஏறிவிடும். பிறகு குங்கிலியமும் செங்கல் தூளும் எண்ணெயும் சேர்த்த அரக்குப் படுக்கையில் கவிழ்த்துப் பின்பக்கம் இருந்து உளியும் சுத்தியலும். அரக்கு கெட்டியாக இருந்தால் தகடு வெட்டுப்படும். எண்ணெய் கூடிவிட்டால் அடி உள்வாங்கி வடிவம் நிற்காது. அடிக்க அடிக்கச் செம்பு இறுகும். சுத்தியலின் ஓசை மந்தமாக இருந்து ‘டங்’ என்று மாறும்போது நிறுத்தி மறுபடி காய்ச்ச வேண்டும். இன்னும் நாலு அடி என்று தொடர்ந்தால் மூக்கு நுனியிலோ முழங்கையிலோ மயிரிழை விரிசல் விழும்.

பற்றவைப்பதில் கெடுவது அதிகம். செம்பு இரும்பைவிட ஏறத்தாழ 5 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தகட்டைச் சூடாக்குவதற்குள் அதன்மேல் வைத்த மெல்லிய கம்பி உருகிச் சொட்டிவிடும். எனவே சுடரைத் தகட்டில் பிடித்து, அது சூடேறியபின் கம்பிப் பக்கம் லேசாகத் தடவ வேண்டும். வெண்காரம் கண்ணாடிபோல உருகி ஓடுவது சரியான நேரத்துக்கு அடையாளம். பித்தளையை மிகையாகச் சூடாக்கினால் துத்தநாகம் வெண்புகையாகக் கிளம்பும். இணைப்பு துளைதுளையாகும், அதை முகர்ந்தவருக்கு அன்றிரவு குளிர்காய்ச்சல் வரும். திறந்த கொட்டகையில், காற்று வரும் பக்கம் நின்று செய்ய வேண்டிய வேலை.

எஸ். நந்தகோபால் (1946–2017), பணிக்கரின் மகன், இதே முன்முகத்தை வேறு பக்கம் கொண்டுபோனார். செம்பு, பித்தளை, வெள்ளி முலாம், எனாமல் என்று பொருள்கள் கூடின. ஒற்றை உருவம் கதை சொல்லும் கூட்டமாக மாறியது. ஜானகிராமின் சிற்பத்தில் தகடு முகமாகிறது. நந்தகோபாலிடம் தகட்டுக்கு நடுவிலுள்ள வெட்டவெளியும் வரைகோடாகிறது. பின்னாலுள்ள சுவர் எந்த நிறம் என்பதைப் பொறுத்துச் சிற்பம் மாறும். எனாமல் என்பது கண்ணாடித் தூளை 800 பாகை அளவில் உருக்கிச் செம்பில் ஒட்டவைப்பது. குறைந்த சூட்டில் உருகும் பற்றாசை முதலில் வைத்துவிட்டு எனாமலைச் சூளையில் வைத்தால் இணைப்பு அவிழ்ந்துவிடும். எனவே எனாமல் துண்டுகளைத் தனியே சுட்டுக் கடைசியில் பொருத்துவதே பாதுகாப்பு.

ஓவியர் ஜே. சுல்தான் அலியின் (1920–1990) பழங்குடி உருவங்களும் நந்திகளும் எழுத்தும், எஸ்.ஜி. வாசுதேவின் விருட்ச வரிசையும் செம்புப் புடைப்புகளும் தனி ஆய்வுக்கு உரியவை. இவற்றிலும் கைவினைத் தடம் அழுத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் குறித்துவைக்கலாம்.

இன்று ஈஞ்சம்பாக்கத்தில் 2009இல் திறந்த அருங்காட்சியகத்தில் இவர்களுடைய படைப்புகளை நேரில் பார்க்கலாம். போகிறவர்கள் உலோகச் சிற்பத்தின் முன் நின்று பார்த்தபின், பக்கவாட்டில் போய் ஒரு முறை பார்க்க வேண்டும். தகட்டின் விளிம்பு எங்கே மடிக்கப்பட்டது, கம்பி எத்தனை புள்ளியில் பற்றியிருக்கிறது என்று தெரியும். துணியின் முன் நின்றால் எந்த நிறம் முதலில் போனது என்று பின்னோக்கி எண்ணிப் பார்க்கலாம். மிக அடர்ந்த நிறம் கடைசி, வெடிப்புக்குள் இருப்பது அந்தக் கடைசி நிறம்.

இவர்களுடைய தகட்டுச் சிற்பம் வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். கடற்காற்றில் உப்பு இருக்கிறது. செம்பில் பச்சைக் களிம்பு வரும். அதைப் பார்த்ததும் நம் வீட்டுக் கை தானாகப் புளியைத் தேடும், குத்துவிளக்கு துலக்குவதுபோல. புளி வேண்டாம். சிற்பி அமிலமும் சூடும் கொடுத்து வேண்டுமென்றே ஏற்றிய பழுப்பும் பச்சையும் அந்த ஒரே தேய்ப்பில் போய்விடும்; கண்ணுக்கும் இதழுக்கும் நடுவில் அவர் விட்டுவைத்த நிழலும் சேர்ந்து போகும். மென்மையான தூரிகையால் தூசு தட்டி, உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றினால் போதும். தூளாக உதிரும் வெளிர்பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் அது வேறு நோய். தானே பரவிச் செம்பைத் தின்னும். அதற்குக் கை வைக்காமல் உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.